சிவப்பில் வராத எண்

வேன்

"ஏனுங்க அம்மிணி, பன்னண்டு பேரைக் கூட்டியாந்திருக்கறனுங்க. எல்லாருக்கும் இட்லி வாங்கிக் குடுத்தாச்சு, ஒருத்தனும் வெறும் வயித்துல இல்லீங்க. யாரை மொதல்ல எடுத்துக்கறீங்க?"

காலை ஒன்பதரை மணி. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பனியன் கம்பெனி வேன் நின்றது. கேட்டவர் அந்தக் கம்பெனியின் ஓனர். பின்னால் வரிசையாக டெய்லர்கள், பேக்கிங் ஆட்கள், ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பையன்கள். அதில் ஒருவன் சட்டைக் கையை முன்கூட்டியே முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "தீதி, மே ரெடி" என்று, தான் தயார் என்பதை இந்தியில் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இந்த ஊரில் ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் கம்பெனி வேன் வந்துவிடும். மேலே இரண்டாம் மாடியில் படுத்திருந்தவர் அவர்களுடைய கட்டிங் மாஸ்டர் ராமசாமி. வயது ஐம்பத்து நான்கு, ஊர் சாமளாபுரம். பைக்கில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு உடைந்து, பிளேட் வைத்திருந்தது. அன்று காலை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களான பிளேட்லெட்டின் கவுண்ட் அவருக்கு தொண்ணூற்றிரண்டாயிரம் என்று சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. டெங்கு சீசன். ஆர்த்தோ டாக்டர் பிளேட்லெட் ஏற்றச் சொல்லிவிட்டார். செய்தி போனது, வேன் வந்துவிட்டது.

அவர்களை நிறுத்தத்தான் நான் படியிறங்கி வந்திருந்தேன்.

"சார், அரை மணி நேரம் பொறுங்க. இப்ப யாரும் குடுக்க வேண்டாம்."

"என்னங்க சொல்றீங்க? கொறஞ்சு போச்சுன்னு போன் பண்ணுனது நீங்க. குடுக்கறமுன்னு வந்தா வேண்டாங்கறதும் நீங்க. என்னங்க நாயம் இது?"

இதை வார்டுக்குப் புதிதாக வரும் பார்மசிப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நானே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அனுபவஸ்தர் தோரணை எனக்கு வராது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து நிட்டிங் மெஷினில் வேலை பார்ப்பவர். நான் பார்ம்-டி படிப்பு முடித்த கையோடு இந்த ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஆனேன். டாக்டர் எழுதும் மருந்துகளை ஒவ்வொரு பெட்டாகப் போய்ச் சரிபார்ப்பது என் வேலை. மாஸ்டர் விஷயத்தில் நான் சரிபார்க்கவில்லை. ஒரு நாளைத் தொலைத்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் படிக்கட்டில்

மாஸ்டரின் மகள் சுகன்யா அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். துணி வந்து இறங்கியதும் ஒரு துண்டை வெட்டி, அளந்து, வாஷ் போட்டு, காயவைத்து மறுபடி அளந்து, எவ்வளவு சுருங்கியது என்று எழுதுவது அவள் வேலை. அப்பாவின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள்.

முந்தின நாள் மதியம் படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. வந்த அன்னிக்கு அப்பாவுக்கு பிளேட்லெட் மூணு இருபதுன்னு போட்டிருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு ஐம்பத்தஞ்சுன்னு இருக்குதுங்க."

மூன்று லட்சத்து இருபதாயிரம். ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரம். நான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் லேபில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால்தான் எண் சிவப்பாக வரும். இது கறுப்பில் இருந்தது.

"ரேஞ்சுக்குள்ளதாம்மா இருக்கு. பயப்படாதீங்க."

"ரேஞ்சு சரிங்க. ஆனா பாதிக்குப் பாதி போயிருக்குதுங்களே. எங்க கம்பெனியில ஒரு லாட்டு துணி இப்படிச் சுருங்குச்சுன்னா கட்டிங் டேபிளுக்கே ஏத்த மாட்டமுங்க."

நான் சிரித்தேன். "ஆளு துணி இல்லைங்க" என்றுகூடச் சொன்னேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்ட நினைப்பு வேறு. சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டேன். எனக்கு எப்போதும் அடுத்த பெட்டுக்கு அவசரம்.

ஆறு மார்க்

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொண்ணூற்றிரண்டாயிரம் சிவப்பில் வந்தபோது, படிக்கட்டுப் பேச்சு என் காதில் திரும்ப ஒலித்தது. பாதிக்குப் பாதி. மாஸ்டரின் மருந்துச் சார்ட்டை எடுத்தேன். அட்மிட் ஆன நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை ஹெப்பாரின் ஊசி. எலும்பு உடைந்து படுத்திருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கப் போடுவது. வழக்கமான ஊசி, ஒரு தவறும் இல்லை. இன்று எட்டாம் நாள்.

கல்லூரியில் இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். சிலருடைய உடம்பு ஹெப்பாரினை எதிரியாக எடுத்துக்கொள்ளும். ஹெப்பாரின் போய் பிளேட்லெட்டிலிருந்து வரும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, அந்த ஜோடிக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகிறது. பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். அந்த ஆன்டிபாடி பிளேட்லெட்டுகளைக் கிளறிவிடும். அவை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு ரத்தக் குழாய்க்குள் உறையும். செலவாகிப் போவதால்தான் எண்ணிக்கை குறைகிறது. ஆக, கவுண்ட் குறைந்திருக்கிறது, ஆனால் ஆபத்து ரத்தம் கொட்டுவதில் இல்லை, கட்டுவதில் இருக்கிறது. ரத்தம் கட்டாமலிருக்கப் போட்ட ஊசியாலேயே ரத்தம் கட்டுகிறது.

பெட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் உட்கார்ந்து பப்பாளி இலைச் சாற்றை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தார். டெங்கு என்று காதில் விழுந்ததுமே அவர் மனைவி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்துவிட்டார்.

"காய்ச்சல் அடிச்சுதாங்க?"

"இல்லீங்க கண்ணு. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. காலுதான் நேத்திருந்து கனமா இருக்குது."

"ஆபரேஷன் பண்ண காலா?"

"அது இல்லீங்க. இது." போர்வையை விலக்கி இடது காலைக் காட்டினார். அடிபடாத கால். கெண்டைச் சதை வலதைவிடப் பெரிதாக வீங்கி, தோல் மினுமினுப்பாக இருந்தது. "நாள் பூரா டேபிள் முன்னாடி நின்ன காலுங்க. படுத்திருந்தா இப்படித்தான் ஆகுமாட்டிருக்குதுன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லலீங்க."

நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. அடுத்த ஊசி பத்து மணிக்கு. சிஸ்டர் டேபிளில் டிரேயில் எடுத்தே வைத்திருந்தார்கள். "டாக்டரைக் கேட்டுட்டு வர்ற வரைக்கும் இதைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு பொது மருத்துவம் பார்க்கும் மெடிசின் மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் பேச்சு குறைவு. எதையும் எண்ணாகச் சொன்னால்தான் கேட்பார்கள்.

ஹெப்பாரின்தான் காரணமா என்று கணிக்கவே நான்கு கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் வரை. எவ்வளவு குறைந்தது? பாதிக்கு மேல்: இரண்டு. எந்த நாளில்? ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்: இரண்டு. எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா? சந்தேகம் இருக்கிறது: ஒன்று. வேறு காரணம் இருக்க முடியுமா? டெங்கு கார்டு டெஸ்ட் நெகடிவ், காய்ச்சல் இல்லை, ஆனாலும் முழுதாக ஒதுக்க முடியாது: ஒன்று.

"ஆறு" என்றேன்.

"ஆறுன்னா ஹை ரிஸ்க்" என்று எழுந்தார்கள் மேடம். "ஹெப்பாரின் ஸ்டாப். ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு சாம்பிள் அனுப்புங்க, ரிசல்ட் வர மூணு நாளாகும், அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. இடது காலுக்கு டாப்ளர் ஸ்கேன். பிளேட்லெட் ஏத்துறதை நான் பேசிக்கறேன். நீங்க கீழே போய் அந்த வேனை நிறுத்துங்க."

நிறுத்திய மெஷின்

ஓனரிடம் ஆன்டிபாடி, புரதம் என்றெல்லாம் பேசினால் நாயம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். என் அப்பா சாப்பிடும்போது புலம்புவது நினைவுக்கு வந்தது.

"சார், நிட்டிங் மெஷின்ல ஊசி ஒடஞ்சு நூலை அறுத்துக்கிட்டே இருக்கு. நூல் தீருதேன்னு புது கோன் மாட்டுவீங்களா?"

"எவன் மாட்டுவான்? அதையும் அறுத்துப் போடும்."

"மாஸ்டர் உடம்புல இப்ப அதுதான் நடக்குது. நீங்க கூட்டிட்டு வந்த பிளேட்லெட்டை ஏத்தினா அதுவும் சேர்ந்து கட்டியாகும். கால்ல கட்டினது நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே போயிரும்."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப மெஷினை நிறுத்துங்க! என்னைப் பார்த்துப் பேசிட்டு நிக்கறீங்க?"

"நிறுத்தியாச்சு சார். ஆனா சும்மா நிறுத்தினா பத்தாது. கிளம்பின ஆன்டிபாடி உடனே அடங்காது. ஹெப்பாரின் இல்லாத வேற மருந்து போட்டு உறையறதைத் தடுக்கணும். அது எங்ககிட்ட ஸ்டாக் இல்லை, ஊருக்குள்ளயும் இல்லை. கோயம்புத்தூர்ல டீலர்கிட்ட இருக்கு."

ஓனர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திரும்பி, "வேன் கோயம்புத்தூர் போகட்டும், நீங்கெல்லாம் டவுன் பஸ்ல போய்க்கங்கடா!" என்றார். சட்டைக் கையைச் சுருட்டியிருந்த ஒடிசாப் பையன் அதை மெதுவாக இறக்கிவிட்டான். இட்லி வீணாகப் போன வருத்தம் அவனுக்கு இல்லை. கொடுக்க முடியாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

டீலருக்குப் போன் போட்டேன். ஃபோண்டாபாரினக்ஸ் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எதிர்முனையில், "அது ரெண்டு பாக்ஸ்தான் இருக்குதுங்க. எனாக்ஸாபாரின் நெறைய இருக்குது, தரட்டுங்களா? அதே வேலையைத்தானே பண்ணும்?" என்றார். நல்ல மனதோடு கேட்டார். ஆனால் எனாக்ஸாபாரினும் ஹெப்பாரின் குடும்பம்தான். அந்த ஆன்டிபாடி அதையும் விட்டுவைக்காது. டிரைவர் கையில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கீழே, 'இதற்குப் பதில் வேறு எதுவும் வாங்க வேண்டாம்' என்று இரண்டு கோடு போட்டேன். அவர் கிளம்பும்போது, "சாம்பிள் பீஸ் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோற வண்டிங்க இது. லேட்டானதே இல்லை" என்றார்.

பதினொரு மணிக்கு டாப்ளர் ரிப்போர்ட் வந்தது. இடது தொடை வரைக்கும் ரத்தம் உறைந்திருந்தது. ஆறு மார்க் ஏழாகிவிட்டது. ஆர்த்தோ சார் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஏத்தியிருப்பேன்" என்றார். "வேன் வேற வந்திருச்சு."

பிறகு, ஆபரேஷன் காயத்தில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்து, கிட்னி ரிப்போர்ட் சரியாக இருக்கிறதா என்று மேடத்திடம் கேட்டு, மாஸ்டரின் எடைக்குத் தகுந்த டோசுக்கு அவரும் சரி சொன்னார். மதியம் ஒரு மணிக்குள் முதல் ஊசி போட்டாயிற்று.

இன்னும் எங்கேயோ இருக்கிறது

ஒன்பதாம் நாள் அறுபத்தோராயிரம். பத்தாம் நாள் நாற்பத்தெட்டாயிரம்.

நிறுத்திய மறுநாளே ஏறாது என்பது தெரியும். ஆனாலும் இரண்டு நாளாகியும் இறங்கிக்கொண்டே போனால் உறுத்தாதா? சுகன்யா போனில் எண்களைக் குறித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் படிக்கட்டில் சொன்ன பதிலைத் தவிர என்னிடம் வேறொன்று இருந்தாக வேண்டும் என்று தோன்றியது.

பத்தாம் நாள் காலை, நாற்காலியை இழுத்து மாஸ்டரின் பெட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பெட்டில் நடக்கும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு.

பத்து மணிக்கு விமலா சிஸ்டர் வந்தார்கள். திருநெல்வேலிக்காரர், என்னை ஊர்க்காரப் பிள்ளையாகத்தான் நடத்துவார்கள். மாஸ்டரின் கையில் இருந்த ஊசிக்குழாயைத் துடைத்து, சின்ன சிரிஞ்ச் ஒன்றை எடுத்தார்கள்.

"சிஸ்டர், அது என்ன?"

"இது என்னட்டி கேள்வி? கேனுலா அடைச்சிராம இருக்க ஃபிளஷ். தெனமும் மூணு வேளை போடுதோம்லா."

"எதுல கலந்தது?"

சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. "ஹெப்பாரின் லாக்" என்றார்கள் மெதுவாக.

சார்ட்டில் ஹெப்பாரினைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தோம். ஆனால் ஃபிளஷ் சார்ட்டிலேயே கிடையாது. அது யாரும் எழுதிக்கொடுக்கிற மருந்து இல்லை; வார்டுப் பழக்கம். குழாயைக் கழுவுவது மாதிரி. துளிதான். அந்த ஆன்டிபாடிக்குத் துளி போதும்.

"அய்யோ, நானே போட்டேனேட்டி! ரெண்டு நாளா நான்தான் போட்டேன்" என்று சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"உங்க தப்பு இல்லை சிஸ்டர். 'ஹெப்பாரின் ஊசி ஸ்டாப்'னு எழுதினோம். 'ஹெப்பாரின் எந்த ரூபத்துலயும் கூடாது'னு எழுதலை. அதை எழுத வேண்டியது என் வேலை."

சிஸ்டர் எழுந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழாயையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். ஃபிளஷுக்கு வெறும் சலைன். டிராலியில் இருந்த ஹெப்பாரின் வயல்களை ஒரு கவரில் அள்ளி என் கையில் திணித்தார்கள். "இந்த ரூம் பக்கம் இது வரக்கூடாது. வந்தா என்கிட்ட கேளு." பெட்டின் தலைமாட்டில் ஒரு அட்டை எழுதி மாட்டினோம்.

அன்று மாலை ஆன்டிபாடி ரிசல்ட் வந்தது. பாசிடிவ். பதினொன்றாம் நாள் நாற்பத்தொன்பதாயிரம். பன்னிரண்டாம் நாள் எழுபதாயிரம். பதினான்காம் நாள் ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிலைக்கும் வரை ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபாரின் மாத்திரையை மேடம் தொடவிடவில்லை. அவசரப்பட்டு ஆரம்பித்தால் அதுவே உறைதலை மோசமாக்கும், தோல்கூட அழுகும். இடது கால் வீக்கம் வடிந்தது. நின்று வேலை செய்யும் மனிதருக்கு அந்தக் கால் மிஞ்சியது. உயிரும் மிஞ்சியது.

டிஸ்சார்ஜ் அன்று நான் ஒரு கார்டு தயாரித்து லேமினேட் செய்து கொடுத்தேன். 'இவருக்கு ஹெப்பாரின் ஒவ்வாமை. ஊசி, ஃபிளஷ், எந்த வடிவிலும் போடக்கூடாது.' மாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பங்கு முடிந்தது என்று நினைத்தேன்.

கழுத்துப்பட்டியின் உள்பக்கம்

நான்கு மாதம் கழித்து மாஸ்டர் ரிவ்யூவுக்கு வந்தார். கைத்தடி இல்லை. கூடவே சுகன்யா.

"கார்டு பத்திரமா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பத்திரமா இருக்குதுங்க" என்றாள் சுகன்யா. "அப்பா அதை சாமி ரூம்ல, முருகர் படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்காருங்க. தெனமும் விபூதி வேற வெக்கறாரு."

"உசுரைக் காப்பாத்துன கார்டுங்க" என்றார் மாஸ்டர், குற்றம் செய்தவர் மாதிரி.

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சு வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கார்டு முருகருக்குப் பின்னால். "எனக்கு என்னமோ ஒரு ஊசி ஆகாதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எந்த ஊசி என்று கேட்டால் தெரியவில்லை. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு ஹெப்பாரின் எடுப்பது அவர்கள் பக்கம் நியாயம்தான், எடுத்தும்விட்டார்கள். கம்பெனியிலிருந்த சுகன்யாவுக்கு யாரோ போன் போட, அவள் கத்திய கத்தலில் அந்த சிரிஞ்ச் டிரேக்குத் திரும்பியது. அது வெறும் வாயுப் பிடிப்புதான் என்று பிறகு தெரிந்தது.

மறுபடியும் அதே தவறு. ரேஞ்சுக்குள் இருக்கிறது, சார்ட்டில் அடித்தாயிற்று, கார்டு கொடுத்தாயிற்று. மூன்று முறையும் காகிதத்தில் சரி என்றதும் நான் அடுத்த பெட்டுக்குத் தாவிவிட்டேன்.

இப்போது எங்கள் வார்டில் ஹெப்பாரின் ஆரம்பிக்கும் ஒவ்வொருவர் சார்ட்டிலும் முதல் நாள் பிளேட்லெட் எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கிறோம். அடுத்தடுத்து வரும் எண்களை லேபின் ரேஞ்சோடு ஒப்பிடுவதற்கு முன், அந்த மனிதரின் முதல் நாள் எண்ணோடு ஒப்பிடுகிறோம். ஐந்தாம் நாளிலிருந்து கவனம் இரட்டிப்பு. குறைந்தால், ஃபிளஷ் உட்பட எல்லா இடத்திலும் தேடுகிறோம். வீட்டு ஆள் ஒருவர் படிக்கட்டில் மறித்தால் நிற்கிறோம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம், ஆனாலும் நிற்கிறேன்.

"அப்ப இனிமே கார்டை பர்ஸ்லயாவது வெச்சுக்கங்க" என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

"பர்ஸை இவரு எங்க வெச்சாருன்னு தேடறதே எங்களுக்கு ஒரு வேலைங்க" என்றாள் சுகன்யா. "அப்பா, திரும்புங்க."

மாஸ்டர் திரும்பி உட்கார்ந்து சட்டைக் காலரை மடித்துக் காட்டினார். உள்பக்கம், சைஸ் லேபிள் இருக்கும் இடத்தில், வெள்ளை சாட்டின் துணியில் ஒரு லேபிள் தைத்திருந்தது. துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்று பனியனில் படம் போட்டுத் தைப்பார்களே, அதே மாதிரி. முதலில் ஒரு சிரிஞ்ச் படம், மேலே குறுக்குக் கோடு. கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும்: ஹெப்பாரின் கூடாது.

"எத்தனை சட்டையில இருக்கு?"

"எல்லாச் சட்டையிலயுமுங்க. பனியன்லகூட" என்றார் மாஸ்டர். "ஓனரு லேபிள் ரோல் ஒண்ணு முழுசா அடிச்சுக் குடுத்துட்டாருங்க. என் காலத்துக்கும் தீராது."

நான் விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"துவைச்சா அழிஞ்சிராதா சுகன்யா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், படிக்கட்டில் நான் சிரித்ததற்கு வட்டியும் முதலும் இருந்தது.

"இருபது வாஷ் போட்டுப் பார்த்துட்டுத்தான் தெச்சமுங்க, மேடம். மொத நாளு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது."